கட்டளை முடிந்து வெளியே வந்ததும் லினக்ஸ் டெர்மினல் கோளாறு செய்தால்: காரணத்தோடு ஒரு முழு வழிகாட்டி

விம் எடிட்டரில் இருக்கும்போது தொலைவிலிருக்கும் கணினியோடான எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்துபோனது, அல்லது ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் நடுவில் செத்தது, அல்லது தெரியாமல் ஒரு பைனரி ஃபைலை கேட் செய்துவிட்டீர்கள் (கேட் கட்டளையால் திரையில் கொட்டிவிட்டீர்கள்). பிராம்ப்ட் திரும்பி வந்துவிட்டது, ஆனால் டைப் செய்வது தெரியவில்லை, வரிகள் படிக்கட்டு போல வலது பக்கம் சரிகின்றன, மவுஸை அசைத்தால் எண்களும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டுகிறது. பெரும்பாலானோர் அந்த ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறப்பார்கள். அதுவும் ஒரு வழிதான், ஆனால் அந்த ஜன்னலில் நீங்கள் போட்டுவைத்த சூழல் மாறிகள், மேலே உருட்டிப் பார்க்க வேண்டிய பழைய வெளியீடு, மூன்று சர்வர்கள் தாண்டிப் போயிருக்கும் லாகின் எல்லாம் அதோடு போய்விடும். மூடத் தேவையே இல்லை. கோளாறு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் ஒரே வரியில் சரியாகிவிடும்.

கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிக்கிறபடி எழுதுகிறேன், குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்வேன்.

முதலில் செய்ய வேண்டியது

காரணம் தேடுவதற்கு முன் இதை வரிசையாகச் செய்து பாருங்கள். கண்ட்ரோல்+க்யூ அழுத்துங்கள். டெர்மினல் உறைந்து நிற்பதற்கு ஆகச் சாதாரணமான காரணம், சேமிக்கிற நினைப்பில் யாரோ கண்ட்ரோல்+எஸ் அழுத்தியதுதான். அது வெளியீட்டை நிறுத்தும், கண்ட்ரோல்+க்யூ மறுபடி ஓடவிடும். பிறகு கண்ட்ரோல்+சி, அதன்பின் கண்ட்ரோல்+யு. கண்ணுக்குத் தெரியாமல் பாதி டைப் ஆகிக் கிடக்கிற வரியை இந்த இரண்டும் துடைத்துவிடும். இதைத் தவிர்க்க வேண்டாம், ஏனென்றால் அந்தக் குப்பையோடு என்டர் அடித்தால் அது கட்டளையாகவே ஓடக்கூடும்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது போல இதை அடியுங்கள்: எஸ்டிடிஒய் சேன். அதாவது எஸ், டி, டி, ஒய், ஒரு இடைவெளி, எஸ், ஏ, என், இ. முடிவில் என்டருக்குப் பதில் கண்ட்ரோல்+ஜே. திரையில் எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துகள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லுக்குப் போய்ச் சேர்கின்றன. அதற்கும் சரியாகாவிட்டால் ரீசெட் என்று அடித்து மறுபடி கண்ட்ரோல்+ஜே. சில கணினிகளில் ரீசெட் ஒரு நொடி நின்று யோசிப்பது போல இருக்கும், அதற்குள் பதறி வேறு எதையும் அழுத்த வேண்டாம்.

பத்தில் எட்டு சமயம் இதோடு கதை முடிந்துவிடும். மீதி இரண்டுக்காகவும், ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ளவும் மேலே படியுங்கள்.

இரண்டு இடங்கள், இரண்டு விதமான கோளாறு

டெர்மினல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருக்கும் டிடிஒய். நீங்கள் அழுத்துகிற எழுத்தைத் திரையில் எதிரொலிப்பதா, என்டர் வரும்வரை வரியைப் பிடித்து வைப்பதா, கண்ட்ரோல்+சி வந்தால் நிரலைக் கொல்வதா என்பதெல்லாம் அங்கே அமைப்புகளாக இருக்கின்றன. இவை எந்த நிரலுக்கும் சொந்தமில்லை, அந்தச் சாதனத்துக்குச் சொந்தம். அதனால்தான் மாற்றிய நிரல் போன பிறகும் மாற்றம் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று க்னோம் டெர்மினல், கொன்சோல், எக்ஸ்டெர்ம் போல நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஜன்னல். இது 1978இல் டிஈசி நிறுவனம் விட்ட விடி100 என்கிற பழைய திரைக்கருவியைப் போல நடிக்கிற மென்பொருள். எஸ்கேப் எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் வந்தால் நிறம் மாற்றும், கர்சரை மறைக்கும், மவுஸ் சொடுக்குகளை நிரலுக்கு அனுப்பத் தொடங்கும், விம் போன்றவை பயன்படுத்தும் தனி மாற்றுத் திரைக்குத் தாவும். இதன் நிலையைப் பற்றிக் கர்னலுக்கு ஒன்றும் தெரியாது.

எஸ்டிடிஒய் சேன் முதல் இடத்தை மட்டும் சரிசெய்யும். டெர்மினல் ஜன்னலின் மெனுவில் இருக்கிற ரீசெட் இரண்டாவது இடத்தை மட்டும் சரிசெய்யும். மெனுவில் ரீசெட் கொடுத்தேன், ஆனாலும் டைப் செய்வது தெரியவில்லை என்று புலம்புவோர் தவறான இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரீசெட் கட்டளை இரண்டையும் தொடும், ஆனால் இரண்டாவது பாதிக்கு அது டெர்ம் என்ற சூழல் மாறியை நம்பியிருக்கிறது. அதில் தவறான பெயர் இருந்தால் அரைகுறையாகத்தான் சரியாகும். எனவே அறிகுறியைப் பார்த்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்யப் பழகுங்கள்.

கர்னல் பக்கம் கெட்டிருந்தால்

டைப் செய்வது தெரியவில்லை, ஆனால் என்டர் அடித்தால் கட்டளை ஓடுகிறது என்றால் எக்கோ அணைந்திருக்கிறது. பாஸ்வேர்டு கேட்கிற நிரல் எக்கோவை அணைத்துவிட்டுத் திரும்பப் போடாமல் போனால் இப்படி ஆகும். வெளியீட்டின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கி வலதுபுறம் இறங்கிக்கொண்டே போனால், புதிய வரிக்கு முன்னால் இடது ஓரத்துக்குத் திரும்பச் சொல்லும் ஒஎன்எல்சிஆர் அமைப்போ, மொத்த வெளியீட்டுச் சீரமைப்பான ஒபோஸ்ட்டோ அணைந்திருக்கிறது.

என்டர் அடித்தால் ஒரு தொப்பிக்குறியும் பெரிய எம் எழுத்தும் மட்டும் வந்து நிற்பது இன்னொரு வகை. என்டர் பொத்தான் அனுப்புவது 13ஆம் எண் எழுத்து, கர்னலுக்கு வரி முடிந்ததாகத் தெரிய வேண்டியது 10ஆம் எண் எழுத்து. நடுவில் மாற்றிக்கொடுக்கிற ஐசிஆர்என்எல் அணைந்துவிட்டால் என்டர் என்டராக இருக்காது. கண்ட்ரோல்+ஜே நேரடியாக 10ஐ அனுப்புகிறது, அதனால்தான் மேலே அதைச் சொன்னேன். பரவலாக இருக்கும் ஷெல்லான பாஷ் தன் பிராம்ப்டில் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே பாஷில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஏதாவது நிரல் ஆமாவா இல்லையா என்று கேட்கும்போதுதான் என்டர் வேலை செய்யாது. இதைப் பார்த்து அந்த நிரலில் பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு.

உறுதிப்படுத்த எஸ்டிடிஒய் -ஏ அடியுங்கள். நீளமான பட்டியல் வரும், அதில் பெயருக்கு முன் கழித்தல் குறி இருந்தால் அது அணைந்திருக்கிறது என்று பொருள். எக்கோ, ஐகேனான் (வரியைப் பிடித்து வைப்பது), ஐசிக் (கண்ட்ரோல்+சியைக் கவனிப்பது), ஐசிஆர்என்எல், ஒபோஸ்ட், ஒஎன்எல்சிஆர் ஆகிய ஆறுக்கும் கழித்தல் குறி இருக்கக் கூடாது. இந்த ஆறும் சரியாக இருந்தால் கோளாறு கர்னல் பக்கம் இல்லை, ஜன்னல் பக்கம் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. வேறொரு ஜன்னலிலிருந்து -எஃப் என்று பெரிய எழுத்தில் கொடுத்து, கெட்டுப்போன டிடிஒய்யின் பெயரையும் தந்து இதே பட்டியலைப் பார்க்கலாம். ஆனால் அந்த ஜன்னலில் பாஷ் பிராம்ப்ட் காத்திருந்தால் எக்கோவும் ஐகேனானும் எப்போதுமே அணைந்ததாகத்தான் காட்டும், ஏனென்றால் வரியைத் திருத்தும் வேலையைப் பாஷின் உள்ளே இருக்கும் ரீட்லைன் தானே செய்துகொள்ள அவற்றை அணைத்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து சேன் கொடுத்தாலும் பயனில்லை. அங்கே என்டர் விழுந்த கணமே ரீட்லைன் தான் முன்பு எடுத்துவைத்த பழைய, கெட்ட அமைப்புகளையே திரும்பப் போட்டுவிடும். மருந்தை அதே ஜன்னலுக்குள்தான் கொடுக்க வேண்டும்.

கொன்றால் சரியாகிறது, தானாக முடிந்தால் கெடுகிறது

இது பலருக்குத் தெரியாத விஷயம், கொஞ்சம் நின்று பார்ப்போம். முன்னணியில் ஓடிய நிரல் சிக்னலால் (கண்ட்ரோல்+சி, கில் போன்றவை அனுப்பும் ஆணை) செத்தால், ஊடாடும் பாஷ் தன்னிடம் இருக்கும் பழைய டிடிஒய் அமைப்புகளை மீட்டுவிடும். நிரல் தானாக முடிந்தால், அது 0 சொல்லி முடிந்தாலும் 1 சொல்லி முடிந்தாலும், விட்டுவிட்டுப் போன அமைப்புகளை வேண்டுமென்றே செய்த மாற்றமாக எடுத்துக்கொள்ளும். அப்படி இருந்தால்தானே எஸ்டிடிஒய் கட்டளையே வேலை செய்யும், அதுவும் ஒரு நிரல்தான்.

சோதித்துப் பார்க்கலாம். எஸ்டிடிஒய் -எக்கோ என்று அடியுங்கள், எழுத்துகள் மறைந்துவிடும். சேன் கொடுத்து மீட்டுக்கொள்ளுங்கள். இப்போது பாஷ் -சி 'எஸ்டிடிஒய் -எக்கோ; கில் -9 $$' என்று ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் பாஷ் எக்கோவை அணைத்துவிட்டுத் தன்னையே கொன்றுகொள்கிறது, ஆனால் பிராம்ப்ட் திரும்பும்போது எழுத்துகள் வழக்கம்போலத் தெரிகின்றன.

இதிலிருந்து ஒன்று விளங்கும். நிரலை நீங்கள் நேரடியாக ஓட்டிக் கொன்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதே நிரலை மேக், என்பிஎம் அல்லது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டும்போது உள்ளே இருப்பது சிக்னலால் சாகிறது, வெளியே இருக்கும் உறை நிரலோ பிழை எண்ணைச் சொல்லிவிட்டு ஒழுங்காக முடிகிறது. பாஷுக்குத் தெரிவது அந்த உறை மட்டுமே, அதனால் கெட்ட அமைப்புகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. நேரடியாக ஓட்டினால் வருவதில்லை, ஸ்கிரிப்டில் மட்டும் வருகிறது என்கிற புகார்கள் பலவற்றின் அடியில் இருப்பது இதுதான்.

பாஷுக்குப் பதில் இசட்ஷெல் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் அமைப்புக் கோப்பில் டிடிஒய்சிடிஎல் -எஃப் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டிடிஒய் அமைப்புகள் பூட்டப்பட்டுவிடும், எந்த நிரல் எதை மாற்றிவிட்டுப் போனாலும் அது முடிந்தவுடன் இசட்ஷெல் பழையபடி வைத்துவிடும்.

சேன் பற்றி நமக்கு மட்டும் ஒரு குறிப்பு

எஸ்டிடிஒய் சேன் பல பதிப்புகளில் ஐயுடிஎஃப்8 என்ற அமைப்பையும் சேர்த்து அணைக்கிறது. ஆங்கிலம் மட்டும் அடிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஐயுடிஎஃப்8 அணைந்த நிலையில் ரீட்லைன் இல்லாத ஒரு நிரலில் பெயரைத் தமிழில் டைப் செய்து பேக்ஸ்பேஸ் அடித்தால் அந்த மூன்றில் ஒரு பைட் மட்டும் போகும், மிச்சம் இரண்டு பைட் உடைந்த எழுத்தாக உள்ளே போய் உட்காரும். திரையில் அழிந்தது போலத் தெரிந்தாலும் ஃபைலில் குப்பை இருக்கும். ஆகவே எஸ்டிடிஒய் சேன் ஐயுடிஎஃப்8 என்று சேர்த்தே அடிக்கப் பழகுங்கள்.

ஜன்னல் பக்கம் கெட்டிருந்தால்

இங்கே அதிகம் மாட்டுவது எஸ்எஸ்ஹெச் பயன்படுத்துகிறவர்கள். தொலைவில் டிமக்ஸ் அல்லது விம் ஓடுகிறது, அது உங்கள் ஜன்னலிடம் மவுஸ் தகவல் அனுப்பு, மாற்றுத் திரைக்குப் போ என்றெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது. வைஃபை போய் இணைப்பு அறுந்ததும் எஸ்எஸ்ஹெச் நிரல் கர்னல் அமைப்புகளை ஒழுங்காக மீட்டுவிட்டுத்தான் முடிகிறது. ஆனால் ஜன்னலிடம் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டிய விம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. எஸ்எஸ்ஹெச்சுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது, பாஷுக்கும் தெரியாது. (இணைப்பு அறுந்தும் எஸ்எஸ்ஹெச் முடியாமல் தொங்கினால் என்டர், பிறகு அலைக்குறி, பிறகு புள்ளி, உடனே வெளியே வந்துவிடும்.)

சரிசெய்ய, குறியீடுகளை நாமே அனுப்பினால் போதும். பிரிண்ட்எஃப் கட்டளை, ஒற்றை மேற்கோளுக்குள் \033[? என்று தொடங்கி ஒரு எண், கடைசியில் ஒரு எழுத்து. ஹெச் என்றால் இயக்கு, எல் என்றால் நிறுத்து. இந்த ஒரு விதி தெரிந்தால் மீதி எல்லாம் எண்கள்தான்.

மவுஸை அசைத்தாலோ சொடுக்கினாலோ 0;35;12 போல எண்கள் கொட்டினால் 1000, 1002, 1003, 1006 நான்கையும் எல் போட்டு நிறுத்துங்கள். கர்சர் காணாமல் போனால் 25க்கு ஹெச். மேலே உருட்ட முடியவில்லை, சக்கரத்தைச் சுழற்றினால் பழைய கட்டளைகள் வருகின்றன என்றால் மாற்றுத் திரையிலேயே தங்கிவிட்டீர்கள், 1049க்கு எல். அம்புப் பொத்தான்கள் ஒரு நிரலில் வேலை செய்யாமல் தொப்பிக்குறியும் அடைப்பும் ஓ எழுத்துமாக வந்தால் 1க்கு எல். நீண்ட வரி ஓரத்தில் மடியாமல் கடைசி எழுத்தின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தால் 7க்கு ஹெச்.

பேஸ்ட் செய்ததற்கு முன்னும் பின்னும் 200~, 201~ என்று ஒட்டிக்கொண்டு வருவது 2004இன் வேலை, அதற்கு எல். 2020 இறுதியில் வந்த பாஷ் 5.1இலிருந்து இந்த வசதி இயல்பாகவே இயங்குகிறது, அதனால்தான் முன்பெல்லாம் பார்க்காத இந்த ~ குறிகளை இப்போது அடிக்கடி பார்க்கிறோம்.

எண்ணெல்லாம் நினைவில் நிற்காது என்பவர்கள் பிரிண்ட்எஃப் '\033சி' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது முழு ரீசெட், டெர்ம் மாறியையும் பார்க்காது. திரையில் இருப்பது அழியும், சில டெர்மினல்களில் மேலே உருட்டிப் பார்க்கும் பழைய வெளியீடும் போகும். எனக்கு அந்த வெளியீடு முக்கியம் என்பதால் நான் முதலில் தனித்தனி எண்களைத்தான் முயல்வேன்.

எழுத்துகள் கோடுகளாக மாறினால்

பைனரி ஃபைலை கேட் செய்த பிறகு சிறிய எழுத்துகள் எல்லாம் பெட்டி வரையும் கோடுகளாகத் தெரியும். க்யூ படுக்கைக் கோடாகவும் எக்ஸ் நிற்கும் கோடாகவும் இருக்கும், பெரிய எழுத்துகளும் எண்களும் மட்டும் நன்றாகத் தெரியும். அந்த ஃபைலுக்குள் தற்செயலாக இருந்த பைட்டுகள் எழுத்துத் தொகுதியை விடி100இன் வரைகலைத் தொகுதிக்கு மாற்றிவிட்டன. மாறியது காட்சி மட்டுமே, நீங்கள் அடிப்பது ஷெல்லுக்குச் சரியாகவே போகிறது, தைரியமாக அடியுங்கள்: பிரிண்ட்எஃப் '\033(பி\017'. இதில் பி பெரிய எழுத்து.

தெரியாத ஃபைலை கேட் செய்யாதீர்கள். லெஸ் பயன்படுத்துங்கள், பைனரியாகத் தெரிந்தால் அது முதலில் உங்களைக் கேட்கும். கேட்தான் வேண்டும் என்றால் -வி சேருங்கள்.

மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை நடுவில் செத்தால் வருவது இதற்கு உறவுக்காரக் கோளாறு. கீழ் வரியில் முன்னேற்றப் பட்டை காட்டுவதற்காக ஆப்ட் திரையின் உருளும் பகுதியைச் சுருக்கிக்கொள்கிறது. அது மீட்காமல் போனால் கடைசி வரி பச்சைப் பட்டையோடு அப்படியே உறைந்து நிற்கும், மற்றவை அதற்கு மேலேயே உருளும். பிரிண்ட்எஃப் '\033[ஆர்' போதும், இங்கே ஆர் சிறிய எழுத்து.

வரி மடிவது தப்பாக இருந்தால்

நீண்ட கட்டளை ஓரத்துக்கு வந்ததும் அடுத்த வரிக்குப் போகாமல் பிராம்ப்டின் மேலேயே எழுதுகிறதா? எஸ்டிடிஒய் சைஸ் அடித்துப் பாருங்கள், வரிகளும் நெடுவரிசைகளும் எண்ணாக வரும். ஜன்னலின் உண்மையான அளவோடு பொருந்தாவிட்டால் எஸ்டிடிஒய் ரோஸ் 50 கால்ஸ் 180 என்பது போல நீங்களே கொடுங்கள். சீரியல் இணைப்பிலும் கன்டெய்னருக்குள்ளும் இது அடிக்கடி நடக்கும், அளவு மாறியதை அங்கே யாரும் சொல்வதில்லை.

அளவு சரியாக இருந்தும் இந்தக் கோளாறு இருந்தால் உங்கள் பிராம்ப்டைச் சந்தேகியுங்கள். பிராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பிஎஸ்1 மாறியில் (பெரிய எழுத்துகளில்) நிறக் குறியீடுகளைச் சுற்றி \[ மற்றும் \] போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் தெரியாத அந்த எழுத்துகளையும் பாஷ் நீளக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

நிரல் உண்மையிலேயே முடிந்ததா?

சில சமயம் டெர்மினலில் கோளாறே இருக்காது. கண்ட்ரோல்+இசட் அழுத்தி நிரலைத் தூங்க வைத்திருப்பீர்கள். ஜாப்ஸ் என்று அடித்தால் தெரிந்துவிடும், எஃப்ஜி கொடுத்து உள்ளே போய் ஒழுங்காக வெளியே வாருங்கள். பிராம்ப்டின் நடுவே சம்பந்தமில்லாத வரிகள் வந்து விழுந்தால், முடிந்துவிட்டதாக நீங்கள் நினைத்த நிரலின் குழந்தை ஒன்று பின்னணியில் இன்னும் ஓடுகிறது. டிடிஒய் என்று அடித்து உங்கள் சாதனத்தின் பெயரைப் பாருங்கள், பிஎஸ் -டி கொடுத்து அந்தப் பெயரைச் சேருங்கள், அந்த ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லாமே வரும். கொல்லும்போது முதலில் வெறும் கில்; -9 கடைசி ஆயுதம், ஏனென்றால் அதை வாங்கிய நிரலுக்குத் தன் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு

எக்கோவை அணைக்கிற எந்த ஸ்கிரிப்டும், முதல் வேலையாகப் பழைய அமைப்பை எடுத்து வைக்க வேண்டும்: சேவ்டு=$(எஸ்டிடிஒய் -ஜி). அடுத்த வரியிலேயே டிராப் 'எஸ்டிடிஒய் "$சேவ்டு"' எக்ஸிட், இதில் எக்ஸிட் பெரிய எழுத்துகளில். ஸ்கிரிப்ட் எந்த வழியாக முடிந்தாலும், -9 தவிர, பழையது திரும்பிவிடும். முடிவில் எஸ்டிடிஒய் எக்கோ போடுவதைவிட இது நல்லது, ஏனென்றால் ஸ்கிரிப்டை அழைத்தவர் எக்கோவை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கலாம். பைத்தானில் திரையைக் கையாளும் கர்சஸ் தொகுதியை வைத்து எழுதினால் கர்சஸ்.ராப்பர் வழியாக ஓட்டுங்கள், பிழை வந்தாலும் திரையை மீட்டுத் தரும்.

மவுஸ் தொல்லை அடிக்கடி வருகிறது என்றால் பிராம்ப்ட்_கமாண்ட் மாறியில் (பெரிய எழுத்துகளில்) அந்த நான்கு மவுஸ் எண்களை நிறுத்தும் பிரிண்ட்எஃப் வரியைப் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு பிராம்ப்டுக்கும் முன்பு தானாகச் சுத்தமாகும். 1049ஐ மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். மாற்றுத் திரையில் இல்லாதபோதும் அந்தக் குறியீடு, எக்ஸ்டெர்ம் உள்பட சிலவற்றில், கர்சரைப் பழைய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

எதற்கும் மசியாத ஒன்று

சேன், ரீசெட் இரண்டும் கொடுத்தாகிவிட்டது, திரை நன்றாக இருக்கிறது, ஆனால் கேட் போல ஏதாவது ஓட்டினால் வளம் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை என்கிற பிழையோடு நின்றுவிடுகிறது. மேக் கட்டளை வெளியீட்டை எழுதும்போதும் இதே பிழை வரும். இதற்குக் காரணம் முன்பு ஓடிய ஒரு நிரல் டெர்மினலைக் காத்திருக்காத நிலைக்கு மாற்றிவிட்டுப் போனது. அந்தக் கொடி எஸ்டிடிஒய் பட்டியலில் வராது, ஏனென்றால் அது டிடிஒய் அமைப்பு அல்ல, திறந்த ஃபைலின் மேல் இருப்பது. அந்தத் திறப்பை உங்கள் ஷெல்லும் அதிலிருந்து ஓடும் எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்வதால் எல்லோரையும் பாதிக்கிறது. அதே ஜன்னலில் பைத்தான்3 திறந்து, ஓஎஸ் தொகுதியை இம்போர்ட் செய்து, ஓஎஸ்.செட்_பிளாக்கிங்(0, ட்ரூ) என்று கொடுங்கள், ட்ரூவில் முதல் எழுத்து பெரியது. வெளியே வந்து அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டிப் பாருங்கள், ஓடும்.